சிவப்பு வால், மூன்று மஞ்சள் பட்டை: கடற்படைத் தளபதிகளின் விமான வண்ணம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பிளாஸ்டிக் விமான மாதிரி செய்கிறவர்களுக்கு ஒரு பால பாடம் உண்டு. சிவப்பின் மேல் மஞ்சள் ஏறாது. தெரிந்தும் தப்பு செய்தேன். 1/48 அளவில் ஒரு நகாஜிமா பி5என்2, அதாவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படை பறக்கவிட்ட குண்டுவீச்சு விமானம், கையில் இருந்தது. வாலுக்குச் சிவப்பை அடித்துக் காயவைத்துவிட்டு, அதன்மேல் மஞ்சள் பட்டை போட உட்கார்ந்தேன். மூன்று பூச்சு கொடுத்தும் பட்டை ஆரஞ்சு மிட்டாய் நிறத்திலேயே நின்றது. கடைசியில் வாலைச் சுரண்டி எடுத்து, முதலில் வெள்ளை, அதன்மேல் மஞ்சள், பட்டை வரவேண்டிய இடத்தில் மெல்லிசாக வெட்டிய ஒட்டு நாடா, அதற்கப்புறம் சிவப்பு என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாடாவை உரித்தபோது மூன்று பட்டையும் கத்தி மாதிரி நின்றன.

அப்போதுதான் அந்த முரண் கண்ணில் பட்டது. விமானத்தின் முதுகெல்லாம் கரும்பச்சை. மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தீவின் காடும் இதுவும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அடித்த பச்சை. வால் மட்டும் கோயில் திருவிழாக் கொடி மாதிரி சிவப்பும் மஞ்சளும். ஒளிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவானா?

போனான். 1941 டிசம்பர் 7 காலையில், ஹவாயில் அமெரிக்கக் கடற்படையின் துறைமுகமான பேர்ல் ஹார்பரை நோக்கி. அந்த விமானத்தின் எண் ஏ.ஐ-301. நடு இருக்கையில் இருந்தவர் கமாண்டர் மிட்சுவோ ஃபுச்சிடா. அந்த வால் யாருக்காக வரையப்பட்டது, அன்று அது வேலை செய்ததா, பிற்காலத்தில் அந்த வழக்கம் என்னவாக மாறியது என்பதுதான் இங்கே விஷயம்.

அகாகியின் வால் மொழி

ஜப்பானியக் கடற்படை விமானத்தின் உடம்பைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு முகவரி. 'ஏ' என்றால் முதலாம் விமானந்தாங்கிப் பிரிவு. அடுத்து வரும் 'ஐ' ஆங்கில எழுத்து அல்ல, ரோமானிய ஒன்று: அந்தப் பிரிவின் முதல் கப்பல், அதாவது அகாகி. இரண்டாவது கப்பலான காகாவுக்கு ரோமானிய இரண்டு. எண் நூறுகளில் இருந்தால் சண்டை விமானம், இருநூறுகளில் இருந்தால் பாய்ந்து குண்டு போடுவது, முந்நூறுகளில் இருந்தால் டார்பிடோவோ கனமான குண்டோ சுமப்பது. இது போக வாலுக்கு முன்னால் உடம்பைச் சுற்றி ஒரு வளையம். அகாகிக்கு ஒரு சிவப்பு, காகாவுக்கு இரண்டு; சோர்யூவுக்கு ஒரு நீலம், ஹிர்யூவுக்கு இரண்டு; ஷோகாக்குவுக்கு ஒரு வெள்ளை, சுய்காக்குவுக்கு இரண்டு.

இதுவரை சொன்னது எல்லா விமானத்துக்கும் பொது. தலைவர்களுக்கு மட்டும் வாலில் குறுக்குப் பட்டை. மூன்று விமானக் குழுவின் தலைவனுக்கு ஒன்று, ஒன்பது விமானக் குழுவின் தலைவனுக்கு இரண்டு, அதற்கு மேலே இருப்பவருக்கு மூன்று. காவல்துறைத் தோள்பட்டையில் நட்சத்திரத்தை எண்ணுவோமே, அதே கணக்கு. ஃபுச்சிடா அகாகி அணியின் தலைவர் மட்டுமல்ல, அன்றைய வான் தாக்குதல் முழுவதுக்கும் அவர்தான் தலைவர். அதனால்தான் அவருக்கு மூன்று பட்டையோடு நிற்கவில்லை, வாலே சிவப்பாயிற்று என்று கொள்ளலாம். அவரது விமானத்தை வரைகிற ஓவியர்களும் மாதிரி செய்கிறவர்களும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட உருவம் இதுதான்.

இத்தனை பகட்டு எதற்கு என்று கேட்டால், அன்றைய விடியலை நினைத்துப் பார்க்க வேண்டும். காலை ஆறு மணி, சூரியன் இன்னும் வரவில்லை. ஆறு கப்பல்களிலிருந்து 183 விமானங்கள் எழும்புகின்றன. கடல் கொந்தளிப்பு. வானொலியில் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் ஹவாயில் யாராவது கேட்டுவிடுவார்கள். வாய் திறக்கலாம் என்றாலும் சண்டை விமானங்களில் இருந்த குரல் வானொலியால் பெரிய பயன் இல்லை. எஞ்சின் தீப்பொறி கிளப்பும் இரைச்சலில் பேச்சே கேட்காது. பாரம் மிச்சம் என்று பின்னாளில் அதைக் கழற்றிப்போட்ட விமானிகள் உண்டு. ஆக, ஆறு கப்பலின் ஆட்களும் அரையிருட்டில் வட்டமடித்தபடி ஒரே ஒரு ஆளைத் தேட வேண்டும், கண்ணால் மட்டும். தேடுகிறவனுக்கு வாலில் இருக்கும் எண்ணைப் படிக்க நேரம் கிடைக்காது. நிறம்தான் எட்டும்.

இது புதுசும் அல்ல. மோதும் படைகளுக்கு நடுவே எவன் எந்த வேந்தனின் ஆள் என்று தெரிவதற்காகச் சேரன் ஆட்கள் பனம்பூவும், பாண்டியன் ஆட்கள் வேப்பம்பூவும், சோழன் ஆட்கள் ஆத்தியும் சூடியதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். முதல் உலகப் போரிலும் கடற்படை விமானிகள் இதைச் செய்தார்கள். 1917-ல் பிரிட்டிஷ் கடற்படையின் பத்தாம் ஸ்குவாட்ரனில் (விமான அணியில்) கோலிஷாவின் சின்னக் குழு தன் மூவிறக்கை சாப்வித் விமானங்களுக்குக் கறுப்புப் பூசி, 'பிளாக் மரியா' மாதிரி கறுப்பில் தொடங்கும் பெயர்களை வைத்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் ஜெர்மன் கடற்படை விமானி சாக்ஸன்பர்க், தன் ஆட்களின் விமானங்களுக்கு மஞ்சளும் கறுப்பும் கலந்த சதுரங்கக் கட்டம் போட்டார். அதில் பாதி வீம்பு. அகாகியின் வாலில் வீம்பு குறைவு, தேவை அதிகம்.

காலை 7.40

ஃபுச்சிடா தானே விமானத்தை ஓட்டவில்லை. ஓட்டியவர் மத்சுசாகி. பின்னால் தந்தி அடிக்கும் ஒருவர். நடுவில் அமர்ந்த ஃபுச்சிடாவின் வேலை பார்ப்பதும் முடிவெடுப்பதும்தான். அவரோடு 49 விமானங்கள் உயரத்திலிருந்து குண்டு போட வந்தன. வலப்பக்கம் சற்றுத் தாழ்வாக முராத்தாவின் 40 டார்பிடோ விமானங்கள். இடப்பக்கம் கொஞ்சம் மேலே தகாஹாஷியின் 51. எல்லோருக்கும் மேலே காவலாக இத்தாயாவின் 43 சீரோ சண்டை விமானங்கள்.

ஏற்பாடு இப்படி. எதிரி தூங்குகிறான் என்று தெரிந்தால் ஃபுச்சிடா சிக்னல் துப்பாக்கியால் ஒரு வெடி போடுவார். அப்போது டார்பிடோக்காரர்கள் முதலில் இறங்க வேண்டும். எதிரி விழித்துவிட்டான் என்றால் இரண்டு வெடி. அப்போது பாய்ந்து குண்டு போடுகிறவர்கள் முதலில் போய்ப் பீரங்கிகளைத் திசைதிருப்ப வேண்டும். மெதுவாக, தாழ்வாக வரும் டார்பிடோ விமானங்களுக்கு அது பாதுகாப்பு.

பேர்ல் ஹார்பர் இருக்கும் ஓவாஹு தீவின் வடமுனை தெரிந்தது. எதிர்க்க ஒரு விமானமும் இல்லை. 7.40-க்கு ஃபுச்சிடா ஒரு வெடி போட்டார். முராத்தா பார்த்தார், இறங்க ஆரம்பித்தார். மேலே இருந்த சீரோக்களில் சுகநாமியின் கூட்டத்திடமிருந்து ஒரு அசைவும் இல்லை. மேகம் மறைத்திருக்கும், பார்க்கவில்லை போல என்று நினைத்த ஃபுச்சிடா அவர்களுக்காக இன்னொரு வெடி போட்டார். சீரோக்கள் புரிந்துகொண்டன. தகாஹாஷிக்கோ கணக்கு தப்பிப்போயிற்று. ஒன்று, இரண்டு என்று எண்ணியவர், 'எதிரி விழித்துவிட்டான், நாம்தான் முதலில்' என்று தன் 51 விமானங்களோடு பாய்ந்தார். அதைக் கண்ட முராத்தா, புகை கிளம்பிக் குறி மறைவதற்குள் போய்விட வேண்டும் என்று குறுக்கு வழியில் விரைந்தார். பல வாரம் ஒத்திகை பார்த்த வரிசை சில நிமிடத்தில் ஒன்றோடொன்று கலந்துபோனது.

இந்த விவரம் பெரும்பாலும் ஃபுச்சிடா போருக்குப் பின் சொன்னதிலிருந்து வருவது. அவர் பிற்காலத்தில் எழுதிய வேறு சில விஷயங்களை வரலாற்றாசிரியர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு வெடிச் சம்பவம் அவருக்குப் பெருமை சேர்ப்பது இல்லையே, அதனாலேயே நம்பத் தோன்றுகிறது. தவறு தாக்குதலைக் கெடுக்கவில்லை. 7.49-க்குத் தாக்கச் சொல்லும் தந்தி போயிற்று, 7.53-க்கு, எதிரி எதிர்பாராத நேரத்தில் போய்விட்டோம் என்பதற்கான குறிச்சொல் 'தோரா தோரா தோரா' போயிற்று.

வண்ணத்தைப் பற்றி யோசிக்கிறவனுக்கு இந்தச் சம்பவம்தான் முக்கியம். தகாஹாஷி தலைவரை அடையாளம் காண்பதில் தவறவில்லை. வெடி யார் விமானத்திலிருந்து வந்தது என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை. தலைவர் என்ன சொன்னார் என்பதில்தான் குழப்பம். சிவப்பு வால் தன் வேலையைச் செய்தது. அதன் வேலை அவ்வளவுதான், 'இவர்தான் தலைவர்' என்பதற்கு மேல் அதனால் ஒரு வார்த்தை பேச முடியாது. அந்த மிச்ச வார்த்தைக்கு வானொலி வேண்டும். வானொலி நம்பிக்கையாக வந்த பிறகு வாலுக்கு என்ன வேலை என்ற கேள்வியும் அங்கேயே பிறந்துவிட்டது.

அதே துறைமுகம், எதிர்ப்பக்கம்

அமெரிக்கக் கடற்படை அதற்கு ஓராண்டு முன்புவரை ஜப்பானியரைவிடப் பகட்டான முறை வைத்திருந்தது. இறக்கையின் மேல்புறம் பளீர் மஞ்சள், கடலில் விழுந்தால் தேடுகிறவனுக்குத் தெரிய. வாலின் நிறம் கப்பலைச் சொல்லும். 1937-லிருந்து லெக்சிங்டனுக்கு மஞ்சள், சாரடோகாவுக்கு வெள்ளை, ரேஞ்சருக்குப் பச்சை, யார்க்டவுனுக்குச் சிவப்பு, என்டர்பிரைஸுக்கு நீலம் என்று வந்தது. பின்னால் வந்த வாஸ்ப்புக்குக் கறுப்பு.

ஸ்குவாட்ரனுக்கு 18 விமானம், மூன்று மூன்றாக ஆறு குழு. குழுக்களுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம், கறுப்பு, பச்சை, மஞ்சள் என்று வரிசையாக நிறம். குழுத் தலைவன் உடம்பில் 20 அங்குல அகலப் பட்டை, எஞ்சின் மூடி முழுக்க அதே நிறம். இரண்டாமவனுக்கு மூடியின் மேல்பாதி மட்டும். மூன்றாமவனுக்குக் கீழ்பாதி. இதில் ஒரு நேர்த்தி உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. தூரத்தில் ஒரு விமானத்தின் மூக்கை மட்டும் பார்த்தாலே 18 பேரில் அவன் எத்தனையாவது ஆள் என்று சொல்லிவிடலாம். நீல வால், சிவப்புப் பட்டை, முழுச் சிவப்பு மூக்கு என்றால் என்டர்பிரைஸின் ஒரு ஸ்குவாட்ரன் தலைவர் வருகிறார். எண்ணைப் படிக்கவே வேண்டாம்.

ஐரோப்பாவில் போர் மூண்டதும் இதெல்லாம் ஆபத்து என்று தோன்றியது. 1940 டிசம்பர் 30-ஆம் தேதி உத்தரவோடு கப்பல் விமானங்களுக்கு முழுச் சாம்பல். அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் மேலே நீலம் கலந்த சாம்பல், கீழே வெளிர் சாம்பல். வானவில் ஒரே வருடத்தில் அழிந்தது.

டிசம்பர் 7 காலையில் என்டர்பிரைஸ் வேக் தீவுக்குச் சண்டை விமானங்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் விமானக் குழுத் தலைவர் ஹவார்ட் யங், முன்னதாகக் கிளம்பிய டான்ட்லெஸ் விமானங்களோடு பேர்ல் ஹார்பரின் ஃபோர்ட் தீவுக்கு வந்துகொண்டிருந்தார். பின்னிருக்கையில் அட்மிரல் ஹால்சியின் அலுவலர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை, வழக்கமான பறப்பு. தீவை நெருங்கியபோது ஜப்பானிய விமானங்கள், புகை. தப்பித்துத் தரையிறங்கப் போனவரைச் சொந்தப் பீரங்கிகளே சுட்டன. எப்படியோ இறங்கிவிட்டார்.

இரவு நடந்தது இன்னும் மோசம். தேடிப்போன என்டர்பிரைஸின் ஆறு வைல்ட்கேட் சண்டை விமானங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஃபோர்ட் தீவில் இறங்க வந்தன. வருகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் ஒரு துப்பாக்கி வெடித்தது, பிறகு துறைமுகம் முழுக்க வெடித்தது. மூன்று விமானிகள் செத்தார்கள்.

அந்த இருட்டில் மஞ்சள் இறக்கை இருந்திருந்தாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பயம் நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 1942 ஜனவரியில் சுக்கானில் சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி 13 கோடு போடச் சொன்னார்கள். அந்த மே மாதமே அதையும், நட்சத்திரத்தின் நடுவே இருந்த சிவப்புப் பொட்டையும் அழிக்கச் சொன்னார்கள். சிவப்பு வட்டம் எதைப் பார்த்தாலும் ஜப்பானியன் என்று சுடுகிறார்களாம். ஐந்து மாதத்தில் ஒரு நிறம் பாதுகாப்பாகவும் ஆபத்தாகவும் ஆகிவிட்டது.

வாய்க்குத் தெரிய வேண்டிய அடையாளம்

இந்த ஆய்வில் எனக்கு ரொம்பச் சுவையாகப் பட்ட ஆண்டு 1945. பசிபிக்கில் அமெரிக்கக் கப்பல்கள் பெருகிவிட்டன. எந்த விமானம் எந்தக் கப்பலுடையது என்று தெரியவில்லை. ஜனவரியில் ஒவ்வொரு விமானந்தாங்கிக்கும் ஒரு வடிவம் கொடுத்தார்கள். முக்கோணம், கட்டம், சாய்ந்த பட்டை, அம்பு என்று வெள்ளையில் வால்களில் வரைந்தார்கள். கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

ஆனால் வானொலியில் அதை எப்படிச் சொல்வது? பக்கத்தில் பறக்கும் விமானத்தின் வாலைப் பார்த்தாயிற்று. 'மேலே சாய்ந்த ஒரு கோடு, கீழே ஒரு பாதி முக்கோணம்' என்று ஒருவன் விளக்கி முடிப்பதற்குள் போரே முடிந்துவிடும். ஜூலையில் வடிவங்களைத் தூக்கிவிட்டு எழுத்துகளைக் கொண்டுவந்தார்கள். எழுத்தென்றால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

ஆறு மாதத்தில் நடந்த இந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஃபுச்சிடாவின் வால் கண்ணுக்காகச் செய்தது. 1945 ஜூலையின் வால் காதுக்காகச் செய்தது. போருக்குப் பின் வந்த தளபதி விமான வழக்கம் முழுக்க இந்த இரண்டாவது வகையில் முளைத்தது.

இரண்டு பூஜ்ஜியம்

சி.ஏ.ஜி. என்றதும் நமக்குத் தணிக்கை அறிக்கை ஞாபகம் வரும். அமெரிக்கக் கடற்படையில் அது விமானந்தாங்கியின் விமானக் குழுத் தலைவர். 1963 டிசம்பரில் அந்தக் குழுக்களுக்கு 'ஏர் விங்' என்று பெயர் மாற்றினார்கள். பதவிச் சுருக்கத்தை யாரும் மாற்றவில்லை. இன்றும் அவர் சி.ஏ.ஜி.தான்.

குழுவில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் ஒரு நூறு ஒதுக்கியிருக்கும். முதல் ஸ்குவாட்ரனின் விமானங்களுக்கு நூறுகளில் எண், அடுத்ததற்கு இருநூறுகளில், இப்படியே மேலே. 01-இல் முடிவது ஸ்குவாட்ரன் தலைவரின் விமானம். 00-இல் முடிவது சி.ஏ.ஜி.யுடையது. 'டபுள் நட்ஸ்' என்பார்கள் கடற்படைப் பேச்சில். அதனால் சி.ஏ.ஜி.க்கு ஒரு விமானம் அல்ல, ஸ்குவாட்ரனுக்கு ஒன்றாகப் பல. 100, 200, 300, 400 எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கும். வானொலியில் அந்த எண் ஒலித்தால் கப்பலில் எல்லோருக்கும் அது எந்த விமானம் என்று தெரியும்.

1955-லிருந்து கப்பல் விமானங்களுக்கு மேலே வெளிர் சாம்பல், கீழே பளபள வெள்ளை. அந்த வெள்ளைத் தாளில் ஸ்குவாட்ரன்கள் ஆசை தீர வரைந்தன. 1960-களும் 1970-களும் இதில் பொற்காலம். மண்டை ஓடு, கதிர் விரிக்கும் சூரியன், சுறாப் பல். 00 விமானத்துக்கு அதற்கு மேலும் ஒரு மரியாதை: குழுவில் உள்ள எல்லா ஸ்குவாட்ரன்களின் நிறத்தையும் சேர்த்து வாலிலோ சுக்கானிலோ வானவில் பட்டைகளாக, இல்லையென்றால் நட்சத்திர வரிசையாக. பழைய குழு நிறங்கள் இப்படி வேறு வேடத்தில் திரும்ப வந்தன என்று சொல்லலாம். அன்று ஒவ்வொரு குழுவுக்கு ஒரு நிறம். இன்று எல்லா நிறமும் ஒருவருக்கு.

பிறகு மறுபடி சாம்பல் வந்தது. கண்ணால் பார்த்து எதிரிதான் என்று உறுதி செய்த பிறகே சுட வேண்டும் என்ற கட்டுப்பாடு வியட்நாமில் விமானிகளைப் படுத்தியது. முதலில் பார்க்கிறவன் பிழைக்கிறான் என்றால், கடைசியில் பார்க்கப்படுகிறவனாக இருப்பதும் அதே அளவு லாபம். 1970-களின் பிற்பகுதியில் எஃப்-14 விமானங்களில் பல சோதனை வண்ணங்கள் வந்தன. விமான ஓவியர் கீத் ஃபெரிஸ், அடிவயிற்றில் பொய்யாக ஒரு விமானி அறைக் கண்ணாடியை வரையச் செய்தார். திரும்புகிறவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று எதிரிக்குக் குழம்ப வேண்டுமாம். கடைசியில் வென்றது பளபளப்பில்லாத, ஒன்றோடொன்று கரையும் இரண்டு மூன்று சாம்பல்கள். 1980-களில் தேசியச் சின்னம்கூடச் சாம்பலில் சாம்பலாக மங்கியது.

ஒரே ஒரு விலக்கு தங்கியது. ஸ்குவாட்ரனுக்கு ஒன்று, சில இடங்களில் இரண்டு, வண்ணத்தோடு இருக்கலாம். அந்த ஒன்று 00.

கடலில் அதைக் காப்பாற்றுவது லேசு அல்ல. அலுமினியத்தின் மேல் முதலில் எபாக்ஸி அடிப்பூச்சு, அதன்மேல் பாலியூரிதேன். உப்புக்காற்று எங்கே ஒரு கீறல் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். உப்பு அரித்த இடத்தைச் சுரண்டி, உடனே தொட்டுப் பூச வேண்டும். சாம்பல் விமானத்தில் இந்தத் தொட்டுப் பூசல்கள் தெரிந்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. சில மாதத்தில் அது தோல் உரிந்த பல்லி மாதிரி திட்டுத்திட்டாக ஆகிவிடும், அதுவே ஒருவகை மறைப்பும்கூட. 00-இன் கறுப்பு வாலில் ஒரு பூட்ஸ் தடம் விழுந்தால் கப்பல் முழுக்கத் தெரியும். மூடித் தகடு ஒன்றைப் பழுதுக்காகப் பக்கத்து விமானத்திலிருந்து மாட்டினால், வானவில் பட்டை நடுவில் ஒரு சாம்பல் சன்னல் திறந்துகொள்ளும். பழுப்புச் சட்டை போட்ட விமானக் காப்பாள இளைஞன்தான் துணியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அவன் பெயரும் பல ஸ்குவாட்ரன்களில் விமானத்தின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும்.

ஜப்பானில் நிலைகொண்ட அமெரிக்க விமானக் குழுவின் 'டேம்பஸ்டர்ஸ்' ஸ்குவாட்ரனுடைய 400-ஆம் எண் எஃப்/ஏ-18 'சிப்பி ஹோ' என்றே பெயர் வாங்கியது. வாலில் விரிந்த பச்சைக் கழுகு. அட்சுகி தளத்தின் வேலியோரம் ஏணி போட்டு, நீண்ட லென்ஸோடு அதற்காகக் காத்திருந்தவர்கள் ஜப்பானியர்கள்.

பெயர் ஒருவருடையது, இருக்கை இன்னொருவருடையது

இங்கேதான் மாதிரி செய்கிறவர்கள் அடிக்கடி சறுக்குவது. 00-இல் சி.ஏ.ஜி. பெயர் இருப்பதால் அவர்தான் அதை ஓட்டினார் என்று எழுதிவிடுகிறார்கள். கப்பலில் விமானம் பேருந்து மாதிரி. அன்றைக்கு எது பழுதில்லாமல் நிற்கிறதோ, மேல்தளத்தில் எது வெளியே எடுக்க வசதியாக நிற்கிறதோ, அதில் அன்றைய அட்டவணையில் பெயர் உள்ளவன் ஏறிப் போவான். விமானக் கண்ணாடிக்குக் கீழே எழுதிய பெயர் அவனுடையதாக இருக்க வேண்டியதில்லை.

தளபதி போனால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1983 டிசம்பர் 4, லெபனான். இன்டிபென்டன்ஸ் கப்பலின் சி.ஏ.ஜி. எட்வர்ட் ஆண்ட்ரூஸ் ஒரு ஏ-7 விமானத்தில் போய் ஏவுகணையில் அடிபட்டார். கடலின் மேல் வெளியே குதித்துப் பிழைத்தார். அவசரமாக ஏவப்பட்ட அந்தத் தாக்குதலின் கசப்புக்குப் பின் சி.ஏ.ஜி. பதவிக்கே தகுதியை உயர்த்தி, கப்பல் கேப்டனுக்குச் சமமாக்கினார்கள்.

தளபதி போகாமல் தளபதியின் விமானம் போனதற்குச் சாட்சி அதற்குப் பதினோரு ஆண்டு முந்தியது, இதைவிடப் பிரபலம்.

1972 மே 10, வியட்நாம் போர். கான்ஸ்டலேஷன் கப்பல், விஎஃப்-96 ஸ்குவாட்ரன், வானொலிப் பெயர் 'ஷோடைம்'. அன்றைய இலக்கு ஹாய் துவாங் ரயில் நிலையம். சி.ஏ.ஜி. எகர்ட்டும் அன்று வானில்தான் இருந்தார். ஆனால் ஷோடைம் 100-இல் ஏறியது லெப்டினன்ட் ராண்டி கன்னிங்ஹாமும் பின்னிருக்கை அதிகாரி வில்லியம் டிரிஸ்கலும். அவர்கள் கணக்கில் ஏற்கெனவே வீழ்த்திய இரண்டு வட வியட்நாம் மிக் விமானங்கள். அன்று ஒரே பறப்பில் மூன்று மிக்-17. ஐந்து ஆகிவிட்டது, அமெரிக்கக் கடற்படைக்கு அந்தப் போரில் கிடைத்த ஒரே 'ஏஸ்' ஜோடி. அவர்கள் ஓட்டிய எஃப்-4ஜே ஃபான்டமில் பீரங்கியே கிடையாது, மூன்றும் ஏவுகணையால் வீழ்த்தியது.

அந்தச் சண்டையில் 100 என்ற எண்ணோ அதன் வண்ணமோ எதிரிக்கு ஏதாவது சொல்லியிருக்குமா? சொல்லியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். வட வியட்நாம் விமானி பார்த்தது புகை கக்கும் ஒரு பெரிய ஃபான்டம், அவ்வளவுதான். திரும்பும் வழியில் அடித்த ஏவுகணைக்கோ ரேடார்தான் கண். நிறம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. விமானத்தின் கட்டுப்பாடுகளை இயக்கும் நீரியல் திரவம் ஒழுக ஒழுக, சுக்கானையும் எஞ்சின் வேகத்தையும் மட்டும் வைத்து விமானத்தை உருட்டி உருட்டிக் கடல்வரை கொண்டுவந்தார் கன்னிங்ஹாம். செவ்வாற்றின் முகத்துவாரத்துக்கு அருகே இருவரும் வெளியே குதித்தார்கள். ஹெலிகாப்டர் வந்து தூக்கிற்று. சி.ஏ.ஜி.யின் விமானம் தண்ணீரில் விழுந்தது.

இப்போது என் மேசையில் அந்த ஃபான்டம் பாதி முடிந்து நிற்கிறது. வெள்ளை அடிவயிறு, சாம்பல் முதுகு, மூக்கில் 100. செய்து முடித்தவர்கள் பலர் மூக்கோரம் ஐந்து மிக் அடையாளத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நான் ஒட்டப்போவதில்லை. அன்று வீழ்த்திய மூன்றை வரைய வேண்டும் என்றால் விமானம் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.